இடக்கைக் கிற்றார்

என் மகளுக்கு நாலு வயது. சாப்பிடுவது, கிறுக்குவது, கதவைத் தள்ளுவது எல்லாம் இடது கையால்தான். முன்பள்ளி ரீச்சர் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அதைப் பெரிதாக்கியது நான்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் ஐயர் தீர்த்தம் கொடுத்துக்கொண்டு வந்தபோது அவள் இடது கையைக் குழித்து நீட்டினாள். ஐயர் கரண்டியைச் சாய்க்காமல் நின்றார். அவர் கோபப்படவில்லை, சும்மா நின்றார். எங்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் நின்றார்கள். நான் அவளுடைய கையைத் தட்டிவிட்டு மற்றக் கையைப் பிடித்து நீட்டினேன். வீட்டுக்கு வரும் வரைக்கும் என் காது சுட்டுக்கொண்டிருந்தது. அடுத்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய இடது கையில் ஒரு வெள்ளைக் காலுறையை மாட்டி, மணிக்கட்டில் ஒரு றிபன் கட்டினேன். இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விரல் விட்டுப் பார்ப்பேன். அப்படிக் கவனமாகத்தான் செய்தேன் என்பதை இப்போது எழுதும்போதும் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. அதையும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

துறைமுகத்துக்குப் போகிற வீதியில் எங்களுக்கு ஒரு சின்ன இசைக்கருவிக் கடை இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு றெக்கோடர்க் குழல், கோயில்காரருக்குச் சுருதிப்பெட்டி, எல்லாருக்கும் கிற்றார்க் கம்பி. ஆனால் கடையை ஓட்டுவது பேஸ் கிற்றார்தான், தடித்த நாலு கம்பியோடு ஆழமான சத்தம் தருகிறது. என் கணவர் உப்புவெளியில் ஒரு ஹோட்டல் பாண்டில் பேஸ் வாசிக்கிறவர். வெள்ளைக்காரர் வரும் மாதங்கள் முடிந்து கடல் குழம்பத் தொடங்கியதும் பாண்டுகள் கலையும். பையன்கள் பேஸைக் கொண்டுவந்து விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போவார்கள். சித்திரையில் திரும்பி வந்து ஒன்றை வாங்குவார்கள். சில பேர் தாங்கள் விற்றதையே வாங்குவார்கள். இடையில் நத்தார் வரும், தேவாலயங்களிலிருந்து கேட்பார்கள். வாங்குவதும் விற்பதும் கணவர். கடையில் இருப்பது நான்.

அந்த ஐப்பசியில் முதல் தடவையாக நானே ஒரு பேஸ் வாங்கினேன். கொழும்பில் ஒருவர் போனில் விளம்பரம் போட்டிருந்தார். கரும்பச்சை நிறம், சுவரில் சாய்த்து வைத்து எடுத்த படம். நல்ல விலை. என்ன கேட்க வேண்டும் என்று கணவர் முன்பே ஒரு கடதாசியில் எழுதித் தந்திருந்தார். கழுத்து நேராக இருக்கிறதா, கம்பி தாங்கும் இடத்தில் துரு இருக்கிறதா, எல்லாக் கம்பியிலும் சத்தம் வருகிறதா, திருகாணிகள் இளகியிருக்கிறதா. நான் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் சரி போட்டேன். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான். கேட்ட கேள்விகளுக்கு மட்டும் ஒழுங்காக விடை எழுதுவேன்.

பஸ்ஸில் வந்த பெட்டியைக் கடை வாசலில் வைத்துப் பிரித்தோம். கணவர் பேஸை எடுத்து மடியில் வைத்தார், திருப்பினார், மறுபடியும் திருப்பினார்.

"இஞ்சாரும், இது இடக்கைக்காரருக்குரியது."

"என்னெண்டு சொல்லுறியள்?"

"உடம்பில நீட்டிக்கொண்டிருக்கிற இந்த நீளக் கொம்பைப் பாரும். இது மேல நிக்கோணும், நான் பிடிச்சால் கீழ நிக்குது. திருகிற குமிழெல்லாம் மேல வருது. படத்தில தெரியேல்லையோ?"

"கழுத்து நேரோ எண்டு கேட்டனான். துரு இருக்கோ எண்டு கேட்டனான். நீங்கள் எழுதின எல்லாம் கேட்டனான்."

"ஓம், எந்தக் கை எண்டு நான் எழுதேல்லைத்தான்." சிரித்தார். "விடும். தொங்கட்டும். எங்கயாவது ஒரு இடக்கையன் இருப்பான்."

அவர் ஏசியிருக்கலாம். அந்த நேரம் எங்கள் ஊர்த் தெருவில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று வந்து பெட்டியின் அட்டையைக் கிழித்துத் தின்னத் தொடங்கியது. அதைத் துரத்துகிற சாட்டில் நான் வெளியே போய்விட்டேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை என் மகளின் இடது கையைப் பார்த்துக் காலுறை மாட்டுகிறவள் நான். அந்தப் படத்தில் அதை மட்டும் பார்க்கவில்லை.

பிறகு கடைக்கு வந்த வாத்தியக்காரர் எல்லாருக்கும் அது விளையாட்டாகிவிட்டது. ஒருவன் சுவரிலிருந்து இறக்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கண்ணாடிக்குள்ள பாத்து வாங்கினீங்களோ?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த கிழமை இன்னொருவன் வந்து அதையே சொன்னான். கதை பாண்டுக்குப் பாண்டு போயிருந்தது.

கணவர் ஒரு கலியாண நிகழ்ச்சிக்காக மூன்று நாள் மட்டக்களப்புக்குப் போயிருந்தார். முதல் நாள் பின்னேரம் நான் அந்தப் பேஸை மேசையில் கிடத்தி நாலு கம்பியையும் கழற்றினேன். வலக்கைக்காரர் பிடித்தால் தடித்த கம்பி மேலே வருகிற மாதிரி வரிசையை மாற்றிப் பூட்டினேன். கம்பி மாற்ற எனக்குத் தெரியும், கணவர் பழக்கியிருந்தார். ஆனால் கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் உட்காருகிற வெட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமன். தடித்த கம்பி மெல்லிய வெட்டில் இறங்கவில்லை. கணவரின் சின்ன அரத்தை எடுத்துத் தேய்த்தேன், இறங்கியது. மெல்லிய கம்பி அகன்ற வெட்டில் ஆடியது. அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

விற்பதற்காகச் செய்யவில்லை, சுவரில் தொங்கும்போது வித்தியாசம் தெரியக்கூடாது என்றுதான் செய்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். இப்போதும் எனக்கு நிச்சயமில்லை.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு பெண் வந்தார். பாலையூற்றில் வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுக்கிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்து பஸ் ஏறியிருக்கிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் தன் மகளுக்கு ஒரு பேஸ் வேண்டும் என்றார். அவர்களுடைய கிறிஸ்தவக் கோயிலில் பாட்டுக் குழுவுக்கு பேஸ் வாசித்தவர் வெளிநாடு போய்விட்டாராம். மகள் தான் வாசிக்கிறேன் என்று கை உயர்த்தியிருக்கிறாள்.

"கொயர் மாஸ்ரர் சொன்னவர், பேஸ் உங்கட கையில இருந்தால் பழகலாம், நத்தாருக்கு வாசிக்கலாம் எண்டு. எனக்கு இதுகளைப் பற்றி ஒண்டும் தெரியாது பிள்ளை. நீங்கள் சொல்லுறதுதான்."

சுவரில் இரண்டு பேஸ் இருந்தன. மற்றதன் விலையைக் கேட்டதும் அவர் ஏலாது என்று தலையாட்டிவிட்டுப் பச்சையைக் காட்டினார். நான் இறக்கிக் கொடுத்தேன். அவர் நாடாவைக் கழற்றி பேஸின் கழுத்து நீளத்தை அளந்தார். பிறகு நாடாவில் தான் விரலால் பிடித்து வைத்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"மகளின்ர கையும் இவ்வளவு நீளம்தான். வெளிக்கிட முதல் அளந்தனான். எட்டும் என்ன?"

"எட்டும் அன்ரி."

"பொம்பிளைப் பிள்ளைக்குப் பாரமோ?"

"இல்லை. வார் போட்டுத் தோளிலதானே கொழுவுறது."

என் மகள் அப்போது மூலையில் கதிரையில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் அந்தக் காலுறையைப் பார்த்தார்.

"பிள்ளைக்குக் கையில காயமோ?"

"இல்லை அன்ரி. இடக்கையால சாப்பிடுறா. அதுதான்."

"ஐயோ." குனிந்து அவளுடைய கன்னத்தைத் தொட்டார். "எங்கட ஆளுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. எல்லாம் வலக்கைதான்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவரே வாசலைத் திறந்து விட்டிருந்தார். நான் பேஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நல்லதுதானே பிள்ளை இது? நீங்களும் ஒரு தாய். பொய் சொல்ல மாட்டீங்கள்."

"நல்லது அன்ரி," என்றேன்.

கணவர் வந்ததும் சுவரில் வெற்றாணியைப் பார்த்துவிட்டு, "பாத்தீரோ, இடக்கையன் வந்திட்டான்!" என்றார். நான் ஓம் என்று சொன்னேன். அது இரண்டாவது பொய்.

மூன்று கிழமைக்குப் பிறகு சட்டை தைக்கிற அந்தப் பெண் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். தெருவைக் கடக்கும்போதே கண்டுவிட்டேன். முறையிட வருகிறார் என்று நினைத்து, சொல்ல வேண்டிய பதிலையும் வாய்க்குள் அடுக்கிவிட்டேன். அவர் மேசையில் ஒரு பார்சலை வைத்தார். மஞ்சள் பூப்போட்ட ஒரு சின்னச் சட்டை.

"மிச்சத் துணியில தைச்சது. அண்டைக்குப் பிள்ளையைக் கண்ணாலதான் அளந்தனான். போட்டுப் பாருங்கோ."

பிறகு மகளை முன்னால் தள்ளினார். மெலிந்த பிள்ளை, இரட்டைப் பின்னல், தோளில் பேஸ். அதை உறையில்லாமல் ஒரு படுக்கை விரிப்பில் சுற்றியிருந்தார்கள். விரிப்புக்கு ஓரம் மடித்துத் தைத்து, தூக்கக் கைபிடியும் வைத்திருந்தார் தாய்.

"நீங்களே இவவுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ பிள்ளை. நாளுக்கு ஒரு சாட்டு. கம்பி வழுக்குதாம். வார் இழுக்குதாம். புள்ளி தெரியேல்லையாம்."

"தெரியேல்லைத்தான் அம்மா. வீடியோவில அந்த அக்கா குனிஞ்சு பாக்கேக்க கழுத்தின்ர மேல்கரையில விரல் வைக்கிற இடத்துக்குப் புள்ளி இருக்கு. எனக்கு அது கீழ்ப்பக்கத்தில கிடக்கு. தலையைக் கவிட்டுப் போட்டே வாசிக்கிறது?"

"வீடியோவில இருக்கிறவைக்கு விலை கூடின சாமான் இருக்கும். கடைக்காரப் பிள்ளை நல்லதெண்டு சொல்லித் தந்தது இது. பிழை சாமானில இல்லை."

"பிறகு எதில?"

"உன்ர கையிலதான்."

பிள்ளை என்னைப் பார்த்தாள். முறைப்பாக இல்லை, கேட்பது போல. இடது கை விரல்களை விரித்துக் காட்டினாள். நுனிகள் சிவந்து ஒரு விரலில் தோல் உரிந்திருந்தது.

"அக்கா, நான் ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம் இருக்கிறனான். என்ர கை உண்மையாவே சரியில்லையோ?"

"நத்தாருக்கு இன்னும் ரெண்டு கிழமைதான் இருக்கு," என்றார் தாய். "அதுக்குள்ள வாசிச்சுக் காட்டாட்டி மாஸ்ரர் கீபோட்டிலயே பேஸையும் போடப் போறாராம்."

நான் பேஸை வாங்கி மெல்லிய கம்பியைத் தட்டினேன். அது வெட்டுக்குள் ஆடி இரைந்தது. அரம் தேய்த்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. கம்பியைக் கொஞ்சம் இறுக்கினேன். ஏதோ செய்து திருத்துகிறவள் போல.

"பழகப் பழகச் சரிவரும் தங்கச்சி," என்றேன்.

தாய், "கேட்டியோ?" என்றார். பிள்ளை பேஸைப் படுக்கை விரிப்பில் சுற்றினாள்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் என் மகளுக்குச் சோறு போட்டேன். நான் கூப்பிடுவதற்கு முன்னமே அவள் அலுமாரிக் கொழுக்கியில் தொங்கிய காலுறையை எடுத்துக்கொண்டு வந்தாள். கதிரையில் ஏறி இருந்து இடது கையை நீட்டினாள். அழவில்லை, சிணுங்கவும் இல்லை. பல்லு விளக்கப் பிறஸை நீட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தாள். என்னால் மாட்ட முடியவில்லை. தட்டை என் பக்கம் இழுத்துக் குழைத்து நானே ஊட்டினேன். "ஏன் அம்மா தீத்துறீங்கள், எனக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டாள்.

அன்று பின்னேரம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கிற்றாரில் கம்பி தாங்கும் கட்டையை ஒட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரைக்கும் நிமிரவில்லை.

"அரத்தால தேய்ச்சனீரோ?"

"ஓம்."

"அந்தப் பிள்ளை அதில மூண்டு கிழமை பழகினதோ?"

"ஓம்."

"நான் அதில மூண்டு நாள் பழகேலாது." பசைப் போத்தலை மூடினார். "சுவரில கிடக்கிற மற்றதைக் கொண்டு போம். கூடக் காசு கேக்க வேண்டாம். நான் வரேல்லை. நீர்தான் போகோணும்."

மறுநாள் ஓட்டோவில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, பேஸை எங்கள் இருவருக்கும் குறுக்கே பிடித்துக்கொண்டு பாலையூற்றுக்குப் போனேன். மகளுக்கு அந்த மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தேன். மரியாதைக்கு என்று நினைத்துத்தான் போட்டேன். பாதி வழியில், பிள்ளையைக் காட்டி மனம் இரங்க வைக்கப் போட்டேனோ என்று தோன்றியது. ஓட்டோவில் சட்டை மாற்ற ஏலாது. வழி முழுக்க ஒரு வசனத்தைப் பாடமாக்கினேன்: தெரியாமல் நடந்துவிட்டது அன்ரி, இப்போதுதான் கணவர் சொன்னார்.

தாய் நிலத்தில் வெள்ளைத் துணியை விரித்துப் பாடசாலைச் சீருடை வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை உள்ளே பேஸோடு இருந்தாள், அந்த இரைச்சல் வாசலுக்குக் கேட்டது. நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். அது இடக்கைப் பேஸ், வலக்கைக்காரரால் அதில் ஒழுங்காக வாசிக்க முடியாது, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று. உள்ளே இரைச்சல் நின்றது.

கத்தரிக்கோல் துணியின் நடுவில் அப்படியே இருந்தது.

"அண்டைக்கு நீங்கள் விக்கேக்க இது உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

பாடமாக்கிய வசனம் நாக்கில் இருந்தது. பிள்ளை கதவடியில் வந்து நின்றாள்.

"தெரியும்," என்றேன். "கம்பியை மாத்தினதே நான்தான்."

அவர் என்னை ஏசவில்லை. மகளைப் பார்த்தார்.

"போன கிழமை இவளுக்குக் கன்னத்தில அடிச்சனான். சாமான் பிழை எண்டு பொய் சொல்லுறாள் எண்டு. பதினைஞ்சு வயசுப் பிள்ளைக்கு."

"அம்மா, விடுங்கோ."

"நீ சும்மா இரு." பிறகு என்னிடம், "உங்களை நம்பி என்ர பிள்ளையை நம்பாமல் விட்டனான்," என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். எத்தனை தடவை கேட்டேன் என்று நினைவில்லை, தேவைக்கு அதிகமாகக் கேட்டிருப்பேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பிள்ளை வந்து என் கையிலிருந்த பேஸை வாங்கித் தோளில் கொழுவினாள். அது அவளுடைய இடுப்பில் நேராக நின்றது. குனிந்து கழுத்தின் கரையைப் பார்த்தாள், விரலை ஒவ்வொரு புள்ளிக்கும் மேலாகக் கொண்டு போனாள். ஒரு கம்பியைத் தட்டினாள். இரைச்சல் இல்லாமல் வந்தது. அவள் சிரிக்கவில்லை. மறுபடி தட்டினாள்.

நான் பச்சையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். அதற்குப் பக்கத்தில் கிடந்த அவர்களின் படுக்கை விரிப்பை மடித்துக் கொடுத்தபோது தாய் வாங்கிக்கொண்டார். என் மகள் சட்டையின் பூவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என்ன நினைத்தேனோ, "இந்தச் சட்டையையும் கழுவி அனுப்பிவிடுறன் அன்ரி," என்றேன்.

"வேண்டாம். அது பிள்ளைக்குத் தைச்சது. உங்களுக்கில்லை."

அவ்வளவுதான். கத்தரிக்கோல் மறுபடி ஓடத் தொடங்கியது.

இரண்டு கிழமை போதவில்லை. பிழையாகப் பழகிய கையை மறக்கவே அவளுக்கு ஒரு மாதம் சென்றதாம். அந்த நத்தாருக்கு அவர்களுடைய கோயிலில் பேஸைக் கீபோட்டில்தான் போட்டார்கள். ஒலிபெருக்கி பூட்டப் போன கணவர் வந்து சொன்னார். பிள்ளை பாட்டுக்காரரோடு நின்று பாடினாளாம். அதை அவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, இல்லையா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

பச்சைப் பேஸின் கழுத்து முனையில் கணவர் புது வெட்டுக்கட்டை வைத்து, கம்பிகளைப் பழையபடி மாற்றினார். அது இன்னும் தொங்குகிறது. "இடக்கைக்கு மட்டும்" என்று நானே ஒரு துண்டு எழுதிக் கட்டியிருக்கிறேன். கண்ணாடிக்குள் பார்த்து வாங்கினீர்களா என்று யாராவது கேட்டால், ஓம் என்று சொல்கிறேன். காலுறை அதன் சோடியோடு சேர்ந்துவிட்டது. ஆனால் கோயில் வரிசையில் என் கை இன்னமும் மகளின் இடது மணிக்கட்டுக்குப் போகிறது. சில வெள்ளிக்கிழமைகளில் பிடித்தும் விடுகிறேன்.

மாசி மாதம் அந்தப் பிள்ளை தனியாகக் கடைக்கு வந்தாள். தவக்காலப் பாட்டுகளுக்கு இப்போது அவள்தான் பேஸ் என்று கேள்விப்பட்டிருந்தேன். தோள் வார் அழுத்திய அடையாளம் சட்டையில் மடிப்பாக இருந்தது.

"பேஸுக்குக் கம்பி வேணும்," என்றாள்.

மூன்று வகை எடுத்து மேசையில் வைத்தேன். உங்களுடையதற்கு இது சரி என்று நடுவில் இருந்ததைத் தள்ளினேன். அது உண்மையில் சரியானதுதான். அவள் அதை எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தாள். பிறகு மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"அண்ணா நிக்கிறாரோ?"

"இல்லை. ஒரு மணித்தியாலம் செல்லும்."

"பரவாயில்லை அக்கா. நிண்டு அவரிட்டக் கேட்டிட்டு வாங்குறன்."

மரியாதையாகத்தான் சொன்னாள். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். என் மகள் தன் படக் கொப்பியைக் கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து கப்பல் கீறத் தொடங்கினாள், இடது கையால். நான் மேசைக்குப் பின்னால் அந்த மூன்று பக்கெற்றுகளையும் அடுக்கினேன், பிறகு குலைத்து மறுபடி அடுக்கினேன். கணவர் வந்து நடுவில் இருந்ததைக் காட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு போனாள்.